கிட்னி மாற்றியவருக்கு டாப்ளர் ஸ்கேன் நார்மல், அப்புறமும் பயாப்சி வேண்டுமா?

திற்பரப்பு ரப்பர்:

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் இருந்து எழுதுகிறேன். அக்காவுக்குக் கிட்னி மாற்றி ஒரு வருஷம் தாண்டிவிட்டது, கொடுத்தது அம்மா. ஆபரேஷன் திருவனந்தபுரத்தில். கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் இத்தனை நாளும் 1.1, 1.2 என்று ஆடாமல் அசையாமல் நின்றது, போன மாசம் 1.4 காட்டியது, இப்போது 1.7. ஆனால் அக்காவுக்கு உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, யூரின் நன்றாகப் போகிறது, காலில் நீர் இல்லை, வீட்டு வேலை எல்லாம் செய்கிறாள். அதனால் லேப்காரன் தப்பாகப் போட்டுவிட்டான் என்று அத்தான் வேறு லேபில் கொடுத்துப் பார்த்தார், அங்கும் அதே 1.7 தான்.

டாக்டர் டாப்ளர் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். நாகர்கோவிலில் முதலில் போன இடத்தில் நடந்த கூத்தைக் கேளுங்கள். அக்காவைத் திருப்பிப் படுக்கவைத்து விலாவுக்குக் கீழே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன, நாள்பட்ட சிறுநீரக நோய்" என்று ரிப்போர்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு அம்மா பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். மாற்றிய கிட்னி வலது அடிவயிற்றில் இருக்கிறது, சுருங்கியது பழைய கிட்னிகள், அவை முன்பே சுருங்கினதால்தானே மாற்றினோம்! அப்புறம் வேறு இடத்தில் எடுத்தோம். அங்கே பொறுமையாகப் பார்த்தார்கள். அளவு சரி, நீர் அடைப்பு இல்லை, சுற்றி எங்கும் நீர் கட்டவில்லை, ரத்த ஓட்டம் எல்லா இடத்துக்கும் போகிறது, ஆர்ஐ 0.68. கடைசியில் நார்மல் என்று எழுதியிருந்தது.

வீட்டில் எல்லாருக்கும் உயிர் வந்தது. ஆனால் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, சரி, அடைப்பு இல்லை, அப்போ பயாப்சி (ஊசி குத்திக் கிட்னித் திசுவில் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பது) எடுத்துவிடலாம் என்கிறார். இதுதான் எங்களுக்குப் புரியவில்லை. ஸ்கேன் கோளாறு என்று வந்தால் ஊசி போடலாம், நார்மல் என்று வந்த பிறகு எதற்கு? அத்தானுக்குத் துளியும் சம்மதமில்லை. அம்மாவோ, "நான் குடுத்ததுல ஊசிய வச்சுக் குத்தணுமாக்கும்" என்று ஒரே வெப்ராளத்தில் இருக்கிறாள். போதாக்குறைக்கு துபாயில் இருக்கும் சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார், அதில் ரத்தத்தில் குமிழி விட்டு ஸ்கேன் செய்தால், உடம்பு புதுக் கிட்னியை ஏற்காமல் தாக்கும் ரிஜெக்‌ஷன் இருக்கா இல்லையா என்று ஊசி இல்லாமலே தெரியும் என்று சொல்கிறார்கள். அது உண்மையா, நம்ம பக்கத்தில் எங்கேயாவது இருக்கிறதா, 0.68 என்றால் என்ன, டாக்டர் அவசரப்படுகிறாரா, தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

டாப்ளர் தக்கலை:

தம்பி, நான் ஸ்கேன் பிரிவில்தான் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் பயாப்சி வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்கேனில் எது தெரியும், எது தெரியாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

0.68 எப்படி வருகிறது என்று பார்ப்போம். இதயம் துடிக்கும் நொடியில் கிட்னிக்குள் இருக்கும் சின்ன ரத்தக்குழாயில் ரத்தம் வேகமாகப் பாயும், இரண்டு துடிப்புக்கு நடுவில் வேகம் குறையும். டாப்ளர் இந்த இரண்டு வேகத்தையும் அளக்கிறது. உச்சத்தில் நொடிக்கு 50 சென்டிமீட்டர், நடுவில் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 34, அதை 50-ஆல் வகுத்தால் 0.68. அவ்வளவுதான் ஆர்ஐ. கிட்னிக்குள்ளே ரத்தம் நுழைய எவ்வளவு தடை இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. பொதுவாக 0.7 வரை நல்லது என்போம், 0.8-க்கு மேல் போனால் கவனமாகப் பார்ப்போம். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி போடுவது வழக்கம்.

இந்த நம்பர் ரொம்பச் சுலபமாக ஆடும். மாற்றிய கிட்னி தோலுக்குக் கொஞ்சம் கீழேயே இருப்பதால் படம் பளிச்சென்று தெரியும், அதே காரணத்தால் ப்ரோபை கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே கிட்னி நசுங்கி ஆர்ஐ ஏறிவிடும். மூச்சை இறுக்கிப் பிடித்தாலும் மாறும், இதயத்துடிப்பு வேகமோ மெதுவோ ஆனாலும் மாறும். வயசானவர்களுக்கும் ரத்தக்குழாய் தடித்தவர்களுக்கும் கிட்னி நன்றாக இருந்தாலும் கூடுதலாகத்தான் காட்டும். இன்னொன்று, மூத்திரப்பை நிரம்பியிருக்கும்போது பார்த்தால் மாற்றிய கிட்னிக்குள் லேசாக நீர் தேங்கின மாதிரி தெரியும், போய்விட்டு வரச்சொல்லி மறுபடி பார்த்தால் காணாமல் போயிருக்கும். இதைச் செய்யாமல் 'அடைப்பு' என்று எழுதி அனுப்பிய ரிப்போர்ட்டுகள் எங்களிடம் வரும்.

அப்போ ஸ்கேன் எதற்கு? யூரின் குழாய் அடைத்திருக்கிறதா, கிட்னியைச் சுற்றி ரத்தமோ நிணநீரோ தேங்கி அழுத்துகிறதா, ரத்தம் கொண்டுவரும் குழாய் சுருங்கியிருக்கிறதா, வெளியே கொண்டுபோகும் குழாயில் ரத்தக்கட்டி இருக்கிறதா, இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்த முதல் சில நாளில் இந்தக் கட்டி விழுந்தால் துடிப்புக்கு நடுவில் ரத்தம் பின்னோக்கி ஓடுவதே படத்தில் தெரியும், ராத்திரியோடு ராத்திரியாகத் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். உங்கள் அக்கா விஷயத்தில் இவை ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் சொல்கிறது. நல்ல செய்திதான். ஆனால் உடம்பின் வெள்ளணுக்கள் கிட்னி திசுவுக்குள் நுழைந்து கடித்துக்கொண்டிருந்தால் அது இந்தப் படத்தில் எனக்குத் தெரியாது. ரிஜெக்‌ஷன் முற்றினால் கிட்னி வீங்கும், ஓட்டம் குறையும், அப்போது தெரியும். ஆரம்பத்தில் நார்மலாகவே இருக்கும்.

முதல் இடத்தில் நடந்ததற்கு ஒரு வார்த்தை. சீட்டில் 'மாற்று சிறுநீரகம், வலது அடிவயிறு' என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். கவுண்டரிலும் சொல்லுங்கள், படுத்ததும் தழும்பைக் காட்டியும் சொல்லுங்கள். வயிறு ஸ்கேன் என்று மட்டும் இருந்தால், கூட்டம் உள்ள நாளில் இப்படித்தான் முடியும்.

வடசேரி ரெண்டாவது இன்னிங்ஸ்:

எனக்குக் கிட்னி மாற்றி பல வருஷம் ஆகிறது, மூளைச்சாவு அடைந்த ஒருவருடையது, பேர் ஊர் எதுவும் தெரியாது, தினம் ஒருதடவையாவது நினைத்துக்கொள்வேன். பயாப்சி எனக்கும் எடுத்திருக்கிறார்கள். அம்மா பயப்படுவது ஊசிக்கு என்றால் அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

சொந்தக் கிட்னி பயாப்சிக்குக் குப்புறப் படுக்கவேண்டும், நமக்கு அது கிடையாது, முன்னால் இருப்பதால் மல்லாந்து படுத்தால் போதும். அடிவயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் வைத்துப் பார்ப்பார்கள். ஆமா, அதே அல்ட்ராசவுண்டுதான், ஊசி எங்கே போகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டேதான் குத்துவார்கள். மரத்துப்போக ஒரு ஊசி, அது கொஞ்சம் எரியும். அப்புறம் பேனா மாதிரி ஒரு கருவி, ஸ்பிரிங் வைத்தது, அமுக்கினதும் 'டக்' என்று சத்தம் வரும், சத்தத்துக்குத்தான் திடுக்கிடுவோம், வலி இருக்காது, ஏனென்றால் மாற்றிய கிட்னிக்கு வலி நரம்பு ஒட்டவைப்பதில்லை. இரண்டு துண்டு எடுப்பார்கள், ஒவ்வொன்றும் சேமியா கனத்துக்கு, நகத்தளவு நீளத்துக்கு இருக்கும். அப்புறம் குத்தின இடத்தில் அழுத்தி வைத்து பெட்டிலேயே அசையாமல் படுக்கச் சொல்வார்கள். ஒவ்வொருமுறை யூரின் போகும்போதும் தனித்தனி டம்ளரில் பிடித்து ஜன்னல் பக்கம் வரிசையாக வைக்கச் சொன்னார் நர்ஸ், முதல் டம்ளர் கட்டன்சாயா நிறம், போகப்போகத் தெளிந்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது, ஆஸ்பிரின், க்ளோபிடோகிரெல் மாதிரி, அக்கா சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள், அவர்கள் எத்தனை நாள் முன்னால் என்று சொல்வார்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். டாக்ரோலிமஸ், அதாவது எதிர்ப்பு சக்தியை அடக்க நாம் போடும் மாத்திரை, அதன் லெவலை ரத்தத்தில் பார்த்தீர்களா? மாத்திரை போடுவதற்கு முன்னால், அதாவது முந்தின டோஸ் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தீர்களா, இல்லை காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய்க் கொடுத்தீர்களா? போட்டுவிட்டுக் கொடுத்தால் லெவல் பொய்யாகக் கூடுதல் காட்டும். மெடிக்கலில் கம்பெனி மாற்றிக் கொடுத்தார்களா? வயிற்றுப்போக்கு வந்ததா? வலி மாத்திரை, நாட்டு மருந்து, கஷாயம்? நம்ம ஊரில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை, "இது வெறும் பச்சிலைதான் மக்கா" என்று கொடுத்துவிடுவார்கள், எங்களுக்கு அது ஆகாது. பம்பளிமாசும் வேண்டாம், டாக்ரோ லெவலை ஏற்றிவிடும். லெவல் ஏறினாலும் கிரியாட்டினின் ஏறும், இறங்கினாலும் ஏறும், அதுதான் இதில் உள்ள தலைவலி.

மண்டைக்காடு:

பயாப்சி எடுத்தால் கிட்னி போய்விடும், எங்க வீட்டுப் பக்கத்தில் ஒருவருக்கு அப்படித்தான் ஆச்சு. ஜாக்கிரதை.

நெப்ரோ பிஜி:

மண்டைக்காடு அண்ணன் சொல்வதை நான் இல்லை என்று தள்ளவில்லை, ஆனால் கிட்னி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்ததால் பயாப்சி எடுத்திருப்பார்கள், அப்புறம் போனதும் பழி ஊசி மேல் விழும். இதை வார்டில் நிறையப் பார்க்கிறேன். ஸ்கேன் பார்த்துக்கொண்டே எடுக்கும் இந்தக் காலத்தில், ரத்தம் ஏற்றவேண்டிய அளவுக்கோ குழாய் அடைக்கவேண்டிய அளவுக்கோ பெரிய சிக்கல் வருவது நூறில் ஒருவருக்கு என்ற அளவில்தான். யூரினில் கொஞ்சம் ரத்தம் வந்து தானாக நிற்பது அதைவிட அதிகம். கிட்னியையே இழப்பது மிக மிக அரிது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நான் குழித்துறைக்காரன், இப்போது சிறுநீரகவியல் படித்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் அக்காவை நான் பார்க்கவில்லை, முடிவு அவர்களுடைய டாக்டருடையது. ஆனால் ஸ்கேன் நார்மலான பிறகு ஏன் பயாப்சி என்பதற்குப் பதில் இருக்கிறது. ஸ்கேன் நார்மலானதால்தான் பயாப்சி. அடைப்பு இருந்திருந்தால் அதைச் சரி செய்திருப்பார்கள், ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் அதை விரித்திருப்பார்கள், அப்போது திசு எடுக்கும் அவசியமே வந்திருக்காது. குழாய் வழிகள் எல்லாம் சுத்தம் என்று தெரிந்த பிறகு கோளாறு கிட்னி திசுவுக்குள் இருக்கிறது என்றாகிறது.

திசுவுக்குள் என்னென்ன இருக்கலாம்? டி-செல் என்ற வெள்ளணு தாக்கும் வகை ரிஜெக்‌ஷன், ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் தாக்கும் வகை ரிஜெக்‌ஷன், டாக்ரோலிமஸ் மருந்தே கிட்னியைப் பாதிப்பது, பிகே என்ற வைரஸ் கிட்னியைத் தாக்குவது, முதலில் கிட்னியைக் கெடுத்த பழைய நோயே திரும்ப வருவது. எல்லாவற்றுக்கும் கிரியாட்டினின் ஒரே மாதிரி ஏறும். எல்லாவற்றிலும் ஸ்கேன் நார்மலாக இருக்கலாம். ஆனால் வைத்தியம் நேர் எதிர். ரிஜெக்‌ஷன் என்றால் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்டி, மெதில்ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டெராய்டு ஊசியை நரம்பில் ஏற்றவேண்டும். பிகே வைரஸ் என்றால் அதே மருந்துகளைக் குறைக்கவேண்டும். வைரஸ் இருப்பவருக்கு ரிஜெக்‌ஷன் என்று நினைத்து ஸ்டெராய்டை ஏற்றினால் கிட்னியைக் கையோடு பறிகொடுக்கவேண்டியதுதான். ஊகத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

ஆர்ஐ பற்றித் தக்கலை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒரு காலத்தில் அதன் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. 2013-ல் பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தார் கிட்னி மாற்றிய 300-க்கும் மேற்பட்டவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குறித்த கால இடைவெளியில் ஆர்ஐயும் பார்த்து பயாப்சியும் எடுத்து ஒப்பிட்டதில், திசுவில் தெரிந்ததற்கும் ஆர்ஐக்கும் தொடர்பு வரவில்லை. அந்த நம்பர் கிட்னியைவிட, அதை வாங்கிக்கொண்டவருடைய வயசையும் இதயத்தையும் ரத்தக்குழாயையும்தான் அதிகம் காட்டியது. 0.8-க்கு மேல் இருந்தவர்களில் இறப்பு கூடுதல், ஆனால் கிட்னி பழுதாகி டயாலிசிஸுக்குத் திரும்புவதை அது சொல்லவில்லை. ஒன்றை மட்டும் விடக்கூடாது, கிட்னி வேலை குறைந்து அதற்காக எடுத்த பயாப்சிகளில், ஆன்டிபாடி வகை ரிஜெக்‌ஷன் இருந்தவர்களுக்கு ஆர்ஐ கூடுதலாகத்தான் இருந்தது. அதனால் நம்பர் திடீரென்று ஏறினால் அலட்சியப்படுத்த மாட்டோம். நார்மலாக இருப்பதை வைத்து ரிஜெக்‌ஷன் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டோம்.

பயாப்சியைப் படிப்பதற்கு உலகம் முழுக்க ஒரே முறை இருக்கிறது. 1991-ல் கனடாவில் பான்ஃப் என்ற மலையூரில் கூடிப் பேசி ஆரம்பித்தது, இன்றைக்கும் அந்த ஊர்ப் பெயரில்தான் வழங்குகிறது, அவ்வப்போது திருத்திக்கொண்டே வருகிறார்கள். துண்டில் குறைந்தது 10 வடிகட்டி முடிச்சுகளும் 2 தமனிகளும் இருந்தால்தான் முழுமையான சாம்பிள் என்று ஒப்புக்கொள்வார்கள். இரண்டு துண்டு எடுப்பது அதனால்தான், பேராசையால் இல்லை. கூடவே யூரினில் புரோட்டீன், பிகே வைரஸ், ரத்தத்தில் அம்மாவின் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்ற டெஸ்ட், இவையும் சொல்லியிருப்பார்கள், சொல்லவில்லை என்றால் கேளுங்கள்.

கருங்கல்காரன்:

அந்தக் குமிழி வீடியோவுக்கு நான் பதில் சொல்கிறேன், பயோமெடிக்கல் படித்தவன், அல்ட்ராசவுண்ட் மெஷின்தான் எனக்குச் சோறு போடுகிறது.

வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை, பாதி வழியில் நிற்கிற உண்மை. குமிழி என்றால் சில மைக்ரான் அளவு, சிவப்பணுவைவிடச் சின்னது, அதனால் நுண்குழாய்க்குள்ளேயும் போகும். மேலே கொழுப்புப் படலம், உள்ளே சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு மாதிரி ஒரு வாயு. ஒலி அலை பட்டதும் இது சுருங்கி விரிந்து அதிரும், அந்த எதிரொலியை மெஷின் தனியாகப் பிரித்துக் காட்டும். வாயு நுரையீரல் வழியாக மூச்சோடு வெளியே போய்விடும், கிட்னிக்கு வேலையே இல்லை. சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்துக்கு கிட்னிக்காரர்கள் பயப்படுகிறோமே, அந்தத் தொந்தரவு இதில் கிடையாது. இதயத்துக்கும், கல்லீரல் கட்டிகளைப் பார்க்கவும் மனிதர்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள். மாற்றிய கிட்னியில் எந்த மூலைக்கு ரத்தம் போகவில்லை என்றும் இதில் அழகாகப் பார்க்கலாம். ஆனால் அதுவும் ரத்த ஓட்டம்தான், ரிஜெக்‌ஷனின் கையெழுத்து இல்லை.

வீடியோவில் காட்டியது அடுத்த படி. குமிழியின் தோலில் ஒரு ஆன்டிபாடியை ஒட்டிவிடுவது. ஜெர்மனியில் மூன்ஸ்டர் ஊர்க்காரர்கள் டி-செல்லின் மேல் இருக்கும் சிடி3 என்ற அடையாளத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஒட்டினார்கள். குமிழி கிட்னிக்குள் போய் டி-செல் கூட்டமாக இருக்கும் இடத்தில் பற்றிக்கொண்டு நிற்கும், மற்ற குமிழிகள் ஓடிப்போன பிறகும் அது மின்னிக்கொண்டிருக்கும். ரிஜெக்‌ஷன் உள்ள கிட்னியில் நிறைய மின்னியது, மருந்து நச்சால் கெட்ட கிட்னியில் அப்படி மின்னவில்லை. கேட்கவே ஜோராக இருக்கிறது இல்லையா? ஆனால் அத்தனையும் எலியில். அதற்கும் முன்னால், 2003-லேயே அமெரிக்காவில் இதயம் மாற்றிய எலிகளில் இதே யோசனையைச் செய்து காட்டிவிட்டார்கள், அங்கே பிடித்தது ரத்தக்குழாயின் உள்சுவர் வீங்கும்போது முளைக்கும் ஐகேம்-1 என்ற ஒட்டுப்பொருளை. இதயக்காரர்களுக்கு இதில் நம்மைவிட ஆசை அதிகம், ஏனென்றால் அவர்களுக்குக் கழுத்து நரம்பு வழியாகக் கம்பியை விட்டு இதயத்துக்குள்ளிருந்து கிள்ளி எடுப்பார்கள், முதல் வருஷத்தில் திரும்பத் திரும்ப.

எலியில் நடந்தது ஏன் இன்னும் தக்கலைக்கு வரவில்லை? எலிக்குப் போட்ட ஒட்டுமுறையை அப்படியே மனிதருக்குப் போட்டால் அதற்கே அலர்ஜி வரலாம். சிடி3-ஐத் தொடும் ஆன்டிபாடி டி-செல்லைத் தூண்டியும் விடலாம், ரிஜெக்‌ஷனைப் பார்க்கப்போய் வேறு வினையைக் கிளப்பிய கதையாகும். அப்புறம் குமிழி ரத்தக்குழாயை விட்டு வெளியே போகாது, திசுவுக்குள் ஒளிந்திருக்கும் செல்லை எப்படித் தொடும் என்ற கேள்வியும் உண்டு. இதைவிடச் சின்னதாக நானோ குமிழி செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது கசியும் குழாய் வழியாகத் திசுவுக்குள் நுழையும் என்பது கணக்கு. புற்றுநோய்க்காக இந்த ஒட்டுக் குமிழி வகையில் ஒன்றை மனிதர்களில் சோதித்திருக்கிறார்கள், அதனால் கதவு மூடவில்லை. ஆனால் இன்றைக்கு நாகர்கோவிலிலும் இல்லை, திருவனந்தபுரத்திலும் இல்லை, சித்தப்பா இருக்கிற துபாயிலும் உங்கள் அக்காவுக்கு எடுத்துத் தரும் ஆஸ்பத்திரி கிடையாது.

ஊசி இல்லாத வழி என்று பார்த்தால் ஸ்கேனைவிட ரத்த டெஸ்ட்தான் முந்திக்கொண்டு வந்திருக்கிறது. கிட்னி கொடுத்தவருடைய டிஎன்ஏ துணுக்குகள் வாங்கியவருடைய ரத்தத்தில் மிதக்கும், கிட்னி அடிபட்டால் அதன் பங்கு கூடும். 2017-ல் வந்த ஒரு ஆய்வில் 1 சதவீதத்தை எல்லைக்கோடாக வைத்தார்கள். ஆன்டிபாடி வகையை அது நன்றாகப் பிடிக்கிறது, டி-செல் வகையின் லேசான கட்டத்தில் தடுமாறுகிறது. காசும் அதிகம். கோளாறு இருக்கிறது என்று அது சொன்னாலும், என்ன கோளாறு என்று பார்க்க மறுபடி பயாப்சிக்குத்தான் வரவேண்டும்.

திற்பரப்பு ரப்பர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அத்தானுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். காலையில் பால்வெட்டு முடித்துவிட்டு வந்து கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டார், ரிஜெக்‌ஷனுக்கும் வைரஸுக்கும் எதிர் எதிர் மருந்து என்ற இடத்தில் திரும்பப் படிக்கச் சொன்னார். அப்புறம் சம்மதித்துவிட்டார். அம்மாவுக்கு அந்த டம்ளர் வரிசைக் கதைதான் பிடித்தது.

வடசேரி அண்ணன் கேட்ட டாக்ரோ லெவலைப் பழைய சீட்டுகளில் தேடினேன், கடைசியாகப் பார்த்தது 3.6. ஒழுங்காகப் பன்னிரண்டு மணி நேரம் விட்டுத்தான் கொடுத்தது. கஷாயம் எதுவும் இல்லை என்று அக்கா சத்தியம் செய்கிறாள். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு விஷயம் வெளியே வந்தது. அம்மன் கோவில் கொடை நடந்த நாட்களில் ராத்திரி மாத்திரையை வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறாள், சில நாள் வந்ததும் தூங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகும் அங்கங்கே விட்டிருக்கிறாள். ஒரு வருஷம் ஆயிற்றே, கிட்னி செட்டாகிவிட்டது என்று நினைத்தேன் என்கிறாள். டாக்டரிடம் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறாள்.

நெப்ரோ பிஜி:

கண்டிப்பாகச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. உங்கள் டாக்டர் எவ்வளவு எதிர்பார்க்கிறார் என்பது அவர் கணக்கு, ஆனால் ஒரு வருஷம் ஆனவருக்கு 5-க்குக் கீழே போனால் பொதுவாக நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். மாத்திரை விட்டுப்போனதை மறைத்தால் டோஸ் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிவிடுவார்கள், அப்புறம் அக்கா ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் லெவல் எகிறி அதுவே கிட்னியைக் கெடுக்கும். கிட்னி 'செட்டாவது' என்று ஒன்று கிடையாது. அம்மா கொடுத்தது என்றாலும் அக்காவின் உடம்புக்கு அதில் பாதி அந்நியம்தான். 1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த முதல் வெற்றிகரமான கிட்னி மாற்றம், ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களுக்கு இடையில் என்பதால்தான் மருந்து இல்லாமல் ஓடியது. அந்த அதிர்ஷ்டம் இல்லாத எல்லாருக்கும் மாத்திரை வாழ்நாள் முழுக்க.

வடசேரி ரெண்டாவது இன்னிங்ஸ்:

அக்காவைத் திட்டாதீர்கள் தம்பி. உடம்பு நன்றாக இருக்கும்போதுதான் மாத்திரை மறக்கும், எங்களில் இதைச் செய்யாதவர் குறைவு. போனில் இரண்டு அலாரம் வையுங்கள், ஒன்று அக்கா போனில், ஒன்று அத்தான் போனில். கைப்பையில் எப்போதும் இரண்டு வேளை மாத்திரை தனியாக இருக்கட்டும், கொடையோ கல்யாணமோ, எங்கே நின்றாலும் எட்டு மணிக்கு வாயில் போட்டுவிடலாம்.

திற்பரப்பு ரப்பர்:

பயாப்சி முடிந்துவிட்டது, ரிசல்ட்டும் வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்தேன். டி-செல் வகை ரிஜெக்‌ஷன், பான்ஃப் 1ஏ என்று போட்டிருக்கிறது. பிகே வைரஸ் இல்லை, ஆன்டிபாடி தாக்குதலின் தடயமான சி4டி நெகட்டிவ், அம்மாவுக்கு எதிரான ஆன்டிபாடியும் இல்லை. மூன்று நாள் மெதில்ப்ரெட் ஏற்றினார்கள், டாக்ரோவையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். கிரியாட்டினின் 1.7-லிருந்து 1.4-க்கு வந்திருக்கிறது. மாத்திரை விட்டதை அக்காவே டாக்டரிடம் சொல்லிவிட்டாள், அவர் திட்டவில்லை, இதைத்தான் நான் நினைத்தேன் என்றாராம். யூரின் இரண்டாவது தடவையே தெளிந்துவிட்டது. டிஸ்சார்ஜுக்கு முன்னால் டாப்ளர் மறுபடி எடுத்தார்கள், ஆர்ஐ 0.69, ரிஜெக்‌ஷன் இருந்தபோது 0.68.

டாப்ளர் தக்கலை:

அந்த 0.01-ஐ வைத்து ஏறிவிட்டது என்று யாரும் கவலைப்படவேண்டாம், ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு பேர் பார்த்தாலே அவ்வளவு வித்தியாசம் வரும். இந்த ஸ்கேன் படத்தைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த தடவை எந்த இடத்துக்குப் போனாலும் இதைக் கையில் கொடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இருந்தால்தான் எங்களுக்கு உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

வடசேரி ரெண்டாவது இன்னிங்ஸ்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஸ்டெராய்டு ஏற்றியிருப்பதால் சுகர் கூடும், கொஞ்ச நாளைக்கு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இருமல், காய்ச்சல், யூரின் எரிச்சல் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்கள், இப்போது எதிர்ப்பு சக்தி ரொம்பக் கீழே இருக்கும். தொற்று வராமல் தடுக்கும் செப்ட்ரான் மாத்திரை மறுபடி தொடங்கச் சொன்னார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள், எழுதியிருக்கவில்லை என்றால் அடுத்த விசிட்டில் கேட்டுவிடுங்கள்.